உருமாறும் துப்பறிவாளனைக் காதலி எப்படி அடையாளம் காண வேண்டும்?

வெள்ளெருக்கு (கேள்வி)

எட்டு மாதங்களாக ஒரு நகர்ப்புற மிகுபுனைவுக் காதல் நாவலை எழுதி வருகிறேன். முதல் படி முடிந்துவிட்டது. ஆனால் அது நடக்க மறுக்கிறது. கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுச் சிக்கலுக்கு வருகிறேன்.

நாயகன் தனியார் துப்பறிவாளன். பிறப்பால் நாகன், மனித உருவில் வாழ்பவன். நாகமாக மட்டுமன்றி, வேண்டும் உருவம் எதையும் எடுக்கக்கூடியவன். நாயகி ஒரு தடய அறிவியல் கூடத்தில் கைரேகைப் பிரிவில் பணியாற்றுகிறாள். நகரத்தில் மனிதர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். ஆனால் எந்த வீட்டாரும் புகார் கொடுப்பதில்லை. ஏனென்றால் காணாமல் போனவரின் உருவத்தில் வேறொருவர் அந்த வீட்டில் உண்டு உறங்கிக்கொண்டிருக்கிறார். இந்த வழக்கில்தான் இருவரும் சந்திக்கிறார்கள்.

படித்துப் பார்த்த நண்பர்கள் மூவரும் மூன்று குறைகளைச் சொன்னார்கள். நாயகன் எதுவாகவும் மாறிவிடலாம் என்றால் அவனுக்கு ஆபத்து வரும்போது தான் ஏன் பதற வேண்டும் என்று ஒருவர் கேட்டார். துப்பறியும் கதையும் காதல் கதையும் இரு வேறு புத்தகங்களை ஒன்றாகத் தைத்ததுபோல் இருப்பதாக இன்னொருவர் சொன்னார். மூன்றாமவரோ, பதினான்காம் அத்தியாயத்தில் நாயகி தற்செயலாகக் குளியலறைக் கதவைத் திறந்து உள்ளே பாம்பைக் கண்டு உண்மையை அறியும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நான் அதை நெஞ்சை உலுக்கும் காட்சி என்று நினைத்து எழுதியிருந்தேன்.

அவனுடைய ஆற்றலை எங்கே வரையறுப்பது? நாயகி உண்மையை எப்போது, எவ்வாறு அறிய வேண்டும்? பழைய புராணக் கதைகள் இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டன என்று அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மின்மினி

முதல் குறைக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன். "வேண்டும் உருவம் எதையும்" என்ற சொற்களை இன்றே அடித்துவிடுங்கள். அவன் நாகன் என்றால் நாகமாக மட்டும் மாறட்டும். அந்த ஒன்றையே முழுமையாக எழுதினால் உங்களுக்கு நானூறு பக்கங்களுக்கு வேண்டிய தடைகள் கிடைத்துவிடும். பாம்புகளைப் பற்றி ஓரளவு படித்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

பாம்புக்கு இமை கிடையாது. அதன் கண்மேல் ஒளி ஊடுருவும் செதில் ஒன்று மூடியிருக்கிறது. சட்டை உரிக்கும்போது அந்தச் செதிலும் சேர்ந்து உரிந்து வரும். உரிப்பதற்குச் சில நாள்கள் முன்பு பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே நீர்மம் ஊறுவதால் கண்கள் பால் கலந்த நீல நிறமாக மங்கிவிடும். பார்வை தெளிவாக இராது. பிறகு கண் தெளியும். அதற்கும் சில நாள்கள் கழித்தே சட்டை உரியும். உங்கள் துப்பறிவாளனுக்கு ஆண்டில் சில முறை இப்படி ஒரு வாரம் வரும் என்று வையுங்கள். கொலையாளி சாலையின் எதிர்ப்புறம் நிற்கிறான்; இவனுக்கோ தெரு விளக்குகள் எல்லாம் பனிக்குள் எரிவதுபோல் தெரிகின்றன. இப்போது வாசகர் பதறுவார்.

செவியும் அப்படித்தான். பாம்புக்கு வெளிக்காது இல்லை. தரையின் அதிர்வைத் தாடை எலும்பின் வழியாக உணர்கிறது. மோப்பத்தை நாக்கு செய்கிறது: பிளவுபட்ட நாக்கு காற்றிலும் தரையிலும் உள்ள மணத்துகள்களை எடுத்து மேலண்ணத்தில் உள்ள உறுப்புக்குக் கொண்டுசேர்க்கிறது. நாக்கின் இரு நுனிகளும் இரு பக்கத்து மணத்தை ஒப்பிட உதவுவதால், ஒருவர் எந்தத் திசையில் நடந்து போனார் என்பதை அறியத் தோதான கருவி அது. மாடிப்படியில் நடந்து சென்றவர் யார் என்று அவனுக்குத் தெரியும். அவர் தொலைபேசியில் என்ன பேசினார் என்று தெரியாது. அதை விசாரித்துத்தான் அறிய வேண்டும். துப்பறியும் கதைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறென்ன வேண்டும்?

இடையில் ஒரு வேண்டுகோள். இருட்டில் உடல் வெப்பத்தைப் "பார்க்கும்" ஆற்றலை மட்டும் அவனுக்குத் தந்துவிடாதீர்கள். அது மலைப்பாம்புகள் பலவற்றுக்கும் குழிவிரியன்களுக்கும் உள்ளது. நம் கதைகளின் நாகம் நல்ல பாம்பு, அதற்கு அந்த உறுப்பு கிடையாது. மிகுபுனைவு எழுதுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்த இடத்தில் வழுக்கி விழுகிறார்கள்.

எடையைப் பற்றியும் ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள். எழுபது கிலோ மனிதன் ஓரிரு கிலோ எடையுள்ள பாம்பாகச் சுருங்கினால் மீதி எங்கே போயிற்று என்று வாசகர் கேட்காமல் இருக்கலாம். ஆனால் அவன் உடைகள் எங்கே போயின என்று கட்டாயம் கேட்பார். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கதைப்பாடல் ஒன்றில், ஓநாயாக மாறும் கணவனின் உடைகளை மனைவி ஒளித்துவைக்கச் செய்துவிடுகிறாள். அதனால் அவன் மனித உருவுக்குத் திரும்ப முடியாமல் காட்டில் அலைகிறான். உடை என்ற அற்பப் பொருளின் மேல்தான் அந்தக் கதையே நிற்கிறது.

ஏட்டுச்சுவடி

மின்மினி கண்ணைப் பற்றிச் சொன்னது எனக்கு வேறொன்றை நினைவூட்டியது. உங்கள் இரண்டாம், மூன்றாம் குறைகளுக்கான விடை அங்கேயே இருப்பதாக நினைக்கிறேன்.

தேவர்களுக்குத் தமிழில் "இமையவர்" என்று ஒரு பெயர் உண்டு. கண் இமைக்காதவர்கள் என்பது பொருள். தமயந்தியின் சுயம்வரத்தில் இந்திரன், அக்கினி, வருணன், இயமன் ஆகிய நால்வரும் நளனின் உருவத்தோடு வந்து அமர்கிறார்கள். ஒரே முகம், ஒரே தோள், ஐந்து பேர். அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதை நளவெண்பா ஒரே வெண்பாவில் சொல்லிவிடுகிறது: ஒருவனுக்கு மட்டும் கண் இமைக்கிறது, பாதம் நிலத்தில் படுகிறது, கழுத்தில் கிடக்கும் மாலை வாடுகிறது. தேவர்களிடம் இல்லாத குறைகளைக் கொண்டுதான் மனிதனை அவள் அடையாளம் காண்கிறாள். குறையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது காதல் என்பதால், அந்த ஒரு காட்சியில் துப்பறிதலும் காதலும் ஒன்றாகிவிடுகின்றன. உங்கள் நண்பர் சொன்ன தையல் அங்கே இல்லை.

உங்கள் நாயகனும் இமைக்க மறப்பவன் அல்லவா? மனித உருவில் இருக்கும்போது இமைப்பதை அவன் முயன்று பழகியிருப்பான். களைத்திருக்கும் வேளையில் மறந்துவிடுவான். தமயந்தி கதையை அறிந்த ஒரு பெண் அதைக் கண்டால் இவன் தேவனோ என்று முதலில் ஐயுறுவாள். மாலை வாடுகிறதா என்று பார்ப்பாள், வாடும். பாதம் நிலத்தில் படுகிறதா என்று பார்ப்பாள். படும், வேண்டுமளவுக்கு மேலாகவே படும், ஏனெனில் அவன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுதான் எதையும் கேட்பான். மூன்று அடையாளங்களில் ஒன்று மட்டும் பொருந்தாத ஒருவனைப் பற்றி அவள் யோசித்துக்கொண்டிருப்பதே உங்கள் முதல் பத்து அத்தியாயங்களாக இருக்கலாம்.

அதைவிட முக்கியமானது கதையின் பிற்பகுதி. கலியின் பிடியில் நாட்டை இழந்து, மனைவியை நள்ளிரவில் விட்டுப் பிரிந்த நளனைக் கார்க்கோடகன் என்ற பாம்பரசன் கடிக்கிறான். நளன் உருமாறி வாகுகன் என்ற பெயரில் தேரோட்டியாகவும் சமையற்காரனாகவும் வேலை பார்க்கிறான். பழைய உருவம் வேண்டும்போது உடுத்திக்கொள்ளுமாறு பாம்பு கொடுத்த ஆடை அவனிடம் இருக்கிறது. இங்கே உருமாறியவன் நளன், துப்பறிபவள் தமயந்தி. மகாபாரதத்தின் வனபருவத்தில் அவள் நடத்தும் விசாரணையை ஒரு முறை பொறுமையாகப் படியுங்கள். கேசினி என்ற தோழியை அனுப்பித் தொலைவிலிருந்து கண்காணிக்கச் சொல்கிறாள். அவன் பார்த்த மாத்திரத்தில் குடங்களில் நீர் நிறைவதையும், குனிய வேண்டிய தாழ்ந்த வாயில் அவனுக்காக உயர்வதையும் கேசினி வந்து சொல்கிறாள். தமயந்தி அத்துடன் நின்றுவிடவில்லை. அவன் சமைத்த இறைச்சியைக் கொண்டுவரச் செய்து சுவைத்துப் பார்க்கிறாள். பலமுறை உண்ட கைப்பக்குவம் அது. பிறகு குழந்தைகளை அனுப்புகிறாள். அவர்களை அணைத்துக்கொண்டு அவன் அழுகிறான். இவ்வளவு சான்றுகளும் கையில் இருக்கும்போதுதான் அவனை அழைத்து நேரில் கேட்கிறாள். கேட்கும் முதல் கேள்வி "நீ யார்" என்பதன்று. உறங்கும் மனைவியைக் காட்டில் விட்டுச் சென்றவனைக் கண்டதுண்டா என்பதே.

ஆகவே குளியலறைக் கதவைத் திறக்காதீர்கள். உங்கள் நாயகி கைரேகை பார்ப்பவள். ஆயிரம் விரல்களுக்கிடையே ஒரு விரலைக் கண்டெடுப்பது அவள் தொழில். அப்படிப்பட்டவளுக்கு உண்மை தற்செயலாகத் தெரியவருவது அவளை அவமதிப்பதாகும். அவள் விசாரித்து அறியட்டும்.

இதற்கு நேர் எதிரான கதையும் நம்மிடம் உண்டு. பெரியபுராணத்தில் மூலன் என்ற இடையன் இறந்து கிடக்க, பசுக்கள் கதறுவதைக் கண்டு மனம் இளகிய யோகி ஒருவர் அவன் உடலுக்குள் புகுகிறார், அவரே திருமூலர். பசுக்கள் மகிழ்ந்து அவரைச் சூழ்ந்துகொள்கின்றன. மாலையில் வழிபார்த்து வந்த மனைவிக்கோ கணவனுக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று படுகிறது. அவர் உனக்கும் எனக்கும் உறவில்லை என்று விலகிவிட, அவள் ஊரவரிடம் முறையிடுகிறாள். அவர்கள் வந்து பார்த்து, இவர் யோகத்தில் இருப்பவர், இனி உன் குடும்பத்துக்குத் திரும்ப மாட்டார் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பெண் அதன் பிறகு என்ன ஆனாள் என்ற கேள்வி பல ஆண்டுகளாக என்னை விட்டுப் போகவில்லை. உடல் மாறியும் ஆள் மாறாதவன் நளன். ஆள் மாறியும் உடல் மாறாதது மூலனின் உடல். உங்கள் வழக்கில் வீடுகளுக்குள் இருக்கும் போலிகள் இரண்டாம் வகை, உங்கள் நாயகன் முதல் வகை. இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவள் ஒருத்தி மட்டுமே என்றால் வழக்கும் காதலும் அவள் கையில் வந்து சேர்ந்துவிடும்.

வெள்ளெருக்கு

இருவருக்கும் மிக்க நன்றி. நளனுக்கு உருமாற்றத்தைக் கொடுத்தவனே ஒரு நாகன் என்பதை இத்தனை நாள் கவனிக்காமல் போனதற்கு வெட்கப்படுகிறேன்.

ஓர் ஐயம். விரல்ரேகை கருவிலேயே உருவாகிவிடுகிறது. ஒரே மரபணு கொண்ட இரட்டையருக்கும் அது வேறுபடுகிறது. மேல்தோலில் சிறு காயம் பட்டு ஆறினால் அதே ரேகை மீண்டும் எழுகிறது, ஏனெனில் அதன் அச்சு உட்தோலில் இருக்கிறது. அப்படியானால் சட்டை உரித்து வந்த பிறகும் அவன் ரேகை மாறாமல்தான் இருக்க வேண்டும் அல்லவா? ரேகையே இல்லாதவனாக அவனை வைத்துவிடலாமா என்றும் ஓர் எண்ணம் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் அத்தியாயத்தில் அவன் கூடத்தின் தலைமை அலுவலருடைய உருவில் உள்ளே நுழைந்து கோப்பைப் படிக்கிறான். அப்போது நாயகி அந்த அலுவலரிடம் பேசுவதாக நினைத்து, தனக்கு அந்தத் துப்பறிவாளன்மேல் விருப்பம் உண்டென்று சொல்லிவிடுகிறாள். மின்மினி சொன்னபடி நாகமாக மட்டும் மாற வைத்தால் இந்தக் காட்சி போய்விடும். எழுதியவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் அது.

நடுநிசி வாசகர்

அந்த அத்தியாயம் போவதே நல்லது. கடுமையாகச் சொல்வதற்கு மன்னிக்கவும். இந்த வகை நாவல்களை நிறையப் படிப்பவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

வேறொருவர் உருவில் வந்து ஒரு பெண்ணின் அந்தரங்கத்தைப் பெற்றுக்கொள்பவனுக்குப் புராணத்தில் ஏற்கெனவே பெயர் உண்டு. கௌதமர் உருவில் வந்த இந்திரன் அவன். வால்மீகியில் வந்திருப்பவன் இந்திரன் என்று அறிந்தே அகலிகை இசைகிறாள். கம்பரில் அவள் இடையில் உணர்கிறாள், உணர்ந்த பிறகும் விலகவில்லை. இருவரும் அவள் எப்போது அறிந்தாள் என்பதை ஒவ்வொரு விதமாகச் சொல்ல வேண்டியிருந்ததே, அந்தக் கேள்வி எவ்வளவு கனமானது என்பதைக் காட்டுகிறது. கம்பர் இந்திரனைப் பூனையாக்கி நழுவ வைக்கும்போது அவன்மேல் நமக்கு மிஞ்சும் மரியாதை எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் நாயகன் கோப்புக்காக வந்தான், காதலுக்காக வரவில்லை என்று நீங்கள் வாதிடலாம். ஆனால் அவள் பேசத் தொடங்கியபோது அவன் அறையை விட்டு வெளியேறவில்லை, கேட்டுக்கொண்டு நின்றான். நான் அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவேன்.

வள்ளியிடம் முருகன் வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் வந்தானே என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் கதை பக்தியின் வெளிச்சத்தில் நிற்கிறது. வந்திருப்பவன் யார் என்பது கேட்பவர் அனைவருக்கும் தெரிந்திருப்பதால் அது விளையாட்டாகிறது. கைபேசியும் கண்காணிப்புக் கேமராவும் உள்ள நகரத்தில், அலுவலகத்தில் நடக்கும்போது அது விளையாட்டாக இருக்காது.

ஏட்டுச்சுவடியோடும் ஓரிடத்தில் மாறுபடுகிறேன். தமயந்தி கேசினியை அனுப்பி அவனை வேவு பார்த்தாள். அதை அவ்வளவு இயல்பாகப் பாராட்டிவிட முடியுமா? நாயகியும் நாயகனின் தண்ணீர்க் குவளையிலிருந்து அவனுக்குத் தெரியாமல் ரேகை எடுப்பாள் என்றுதான் கதை போகும் என ஊகிக்கிறேன். எடுக்கட்டும், ஆனால் எடுத்தபின் அவளுக்கு உறுத்த வேண்டும். இருவரும் ஒருவரை ஒருவர் ஒளிந்து பார்த்தவர்கள் என்ற சமநிலையிலிருந்து காதல் தொடங்கினால் நான் தொடர்ந்து படிப்பேன்.

ஏட்டுச்சுவடி

நியாயமான மறுப்பு; ஏற்றுக்கொள்கிறேன். தமயந்தி கைவிடப்பட்டவள் என்பதால் அவளுக்கு அந்த உரிமை இருந்தது. உங்கள் நாயகிக்கு இன்னும் அப்படி எந்த உரிமையும் வரவில்லை.

வில்லனைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் பழையனூர் நீலியை நினைவூட்டுகிறேன். வணிகன் ஒருவனைப் பழிவாங்கத் துடிக்கும் பேய், அவன் மனைவியின் உருவெடுத்து, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபையில் முறையிடுகிறது. அவன் கையில் வாள் இருக்கும்வரை அதனால் அவனை நெருங்க முடியாது. இவள் என் மனைவி இல்லை என்று அவன் கதறுகிறான். சபையார் குழந்தையை இறக்கிவிடச் சொல்கிறார்கள். அது நேராக அவனிடம் சென்று அப்பா என்கிறது. வழக்கு அங்கேயே முடிந்தது. வேளாளர் எழுபது பேர் உன் உயிருக்கு நாங்கள் பிணை என்று சொல்லி வாளை வாங்கிவிட, அன்றிரவே அவன் கொல்லப்படுகிறான். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீப்பாய்ந்து உயிர் விடுகிறார்கள்.

தமயந்தி குழந்தைகளை அனுப்பி உண்மையைக் கண்டாள். பழையனூர்ச் சபை குழந்தையை அனுப்பிப் பொய்யை ஏற்றது. சோதனை ஒன்றுதான். சபையார் குழந்தை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். தமயந்தி அந்த ஆண் என்ன செய்கிறான் என்று பார்க்க வைத்தாள். உங்கள் வழக்கின் திருப்பத்தை இங்கே வைக்க முடியுமா என்று யோசியுங்கள். போலிகள் வாழும் வீடுகளில் கைரேகை பொருந்துகிறது, முகம் பொருந்துகிறது, குழந்தை "அப்பா" என்கிறது. நாயகி தன் அறிக்கையில் "பொருந்துகிறது" என்று கையொப்பமிட்டுவிடுகிறாள். அந்தக் கையொப்பத்தால் ஒருவர் சாகிறார். அதன் பிறகு அவள் தேடும் சான்று வேறு வகையினதாக இருக்கும்.

ரேகை இல்லாதவனாக அவனை ஆக்காதீர்கள் என்பதும் இதனால்தான். போலிகளின் ரேகை குறையின்றிப் பொருந்தட்டும். உண்மையானவனின் ரேகையில் ஏதாவது ஒரு கோணல் இருக்கட்டும்.

வெள்ளெருக்கு

ஐந்தாம் அத்தியாயத்தை நேற்றிரவு எடுத்துவிட்டேன். வலித்தது; ஆனால் நடுநிசி வாசகர் சொன்ன அந்த வாக்கியத்துக்கு, அதாவது அவன் கேட்டுக்கொண்டு நின்றான் என்பதற்கு, என்னிடம் பதில் இல்லை.

குளியலறைக் கதவும் போயிற்று. அதற்குப் பதிலாக இப்படித் திட்டமிட்டிருக்கிறேன். அவள் தவறாகக் கையொப்பமிட்ட அறிக்கையைத் தொடர்ந்து இருவரும் இறந்தவரின் வீட்டுக்குப் போகிறார்கள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறான். சன்னல் வெளிச்சத்தில் அவன் கண்கள் பால்நீலமாக மங்கியிருப்பதை அவள் காண்கிறாள். முன்பும் ஒரு முறை கண்டு, கண்நோய் என்று நம்பியிருந்தாள். மேசைமேல் இருக்கும் கடிதத்தை வாசிக்கச் சொல்கிறாள். அவனால் முடியவில்லை. அவள் ஒன்றும் கேட்காமல் கடிதத்தை எடுத்துத் தானே உரக்கப் படிக்கிறாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அன்றிரவு அவன் அவளை உணவுக்கு அழைக்கிறான்; அங்கேதான் முதல் முத்தம்.

மின்மினி

கடிதக் காட்சி நன்றாக இருக்கிறது. உணவுக் காட்சியை மட்டும் ஒரு வாரம் தள்ளி வையுங்கள். கண் மங்கியிருக்கும் நாள்களில் பாம்பு பெரும்பாலும் இரையைத் தொடாது. யாராவது தொட்டால் எளிதில் சீறும். முத்தமும் சட்டை உரிந்த பிறகே இருக்கட்டும்.